நேற்று வைத்த கறிக்குழம்பை நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் பயமில்லாமல் சாப்பிடலாமா?

இரவு முழுக்கக் குழம்பு எங்கே இருந்தது? ஃபிரிட்ஜில் என்றால் தளதளவென்று கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். அடுப்படியிலேயே இருந்தது என்றால் கொதிக்க வைத்தாலும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு முதல் நாள் இரவே ஒரு அண்டா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, மூடி போட்டு அப்படியே விட்டுவிட்டோம். மறுநாள் மதியப் பந்திக்கு லேசாகச் சூடு காட்டிப் பரிமாறினோம். வாடை இல்லை, புளிப்பில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போன். வயிற்றை முறுக்குகிறது, பேதி நிற்கவில்லை என்றார்கள். வாந்தியோ காய்ச்சலோ யாருக்கும் இல்லை. பெரியப்பாவுக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. நம் கையால் போட்ட சாப்பாட்டில் இப்படி ஆனதை இன்றும் மறக்க முடியவில்லை.

டாக்டர் முதலில் கேட்டதே, "சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்றுதான். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து முறுக்கலும் பேதியும் வந்தால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவைத்தான் சந்தேகிப்பார்களாம். கறியில் சாதாரணமாகவே இருப்பது. சமைக்கும்போது பாக்டீரியா செத்தாலும் அதன் வித்துகள் கொதிநிலையையும் தாங்கிவிடும். குழம்பு மெதுவாக ஆறும்போது அவை முளைக்கின்றன. 45 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பெரிய அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் அந்தச் சூட்டிலேயே இருக்கும், அடியில் காற்றும் கிடையாது. அதற்கு அதைவிட வசதி வேண்டாம். கோடிக்கணக்கில் உள்ளே போனபின் நம் குடலில்தான் நச்சைச் சுரக்கிறது.

அன்று நன்றாகக் கொதிக்க வைத்திருந்தால் இந்தப் பாக்டீரியா செத்திருக்கும், உண்மைதான். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று இன்னொன்று இருக்கிறது. பரிமாறுகிறவரின் மூக்கிலிருந்தோ கைப்புண்ணிலிருந்தோ சமைத்த கறியில் சேரும். இது சாப்பாட்டிலேயே நச்சைச் சுரந்து வைத்துவிடும். அப்புறம் கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், நச்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி பிடுங்கும். அதனால்தான் அடுப்படியில் கிடந்த குழம்பு வேண்டாம் என்கிறேன்.

மீந்ததை அண்டாவோடு ஃபிரிட்ஜில் வைத்தும் பயனில்லை, நடுவில் குளிர் ஏறவே வெகு நேரமாகும். இப்போதெல்லாம் பந்தி முடிந்ததும் அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றி, ஃபேன் காற்றில் சூடு தணித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறோம். இடம் பத்தாவிட்டால் அன்றைக்கே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுகிறோம்.