நடுச் சக்கரம்

அன்புள்ள சார்,

சிகாகோ பக்கத்தில் யூனியன் என்ற ஊரில் இலினாய் ரயில்வே மியூசியம் இருக்கிறது. போன மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். 1940இல் செய்த 'சில்வர் பைலட்' என்ற டீசல் இன்ஜின் அங்கே நிற்கிறது. சாய்ந்த மூக்கும் பளபளக்கும் உடம்புமாக அப்படி ஓர் அழகு! நாற்பது படம் எடுத்தேன், இரண்டை இணைத்திருக்கிறேன். இன்றைய இன்ஜின்கள் ஏன் தகரப் பெட்டி மாதிரி இருக்கின்றன? பொறியாளர்களுக்கு ரசனை போய்விட்டதா? நீராவியின் கவித்துவத்தை டீசல் கொன்றுவிட்டது என்கிறார்களே, அது சரியா?

அப்பா பொன்மலையில் டீசல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்களோடு சும்மாதான் இருக்கிறார். அவருக்கு மியூசியம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை போல. பக்கவாட்டில் போய், குனிந்து குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிர் ஏறியதால் காருக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

கார்த்திக், சிகாகோ

அன்புள்ள கார்த்திக்,

நீராவியின் கவித்துவம் என்பதெல்லாம் ஒரு நாளும் கரி அள்ளிப் போடாதவர்கள் பேசுகிற பேச்சு. விட்டுவிடுங்கள்.

ரசனை விஷயத்திலும் பொறியாளர்களைத் திட்ட ஒன்றுமில்லை. இன்றைய இன்ஜினைப் பெட்டி பெட்டியாகச் செய்வதற்குக் காரணம் உண்டு. டிரைவருக்குப் பின்பக்கமும் தெரிய வேண்டும், ஓரத்தில் நடக்க வழி வேண்டும், கதவைத் திறந்தால் எந்திரம் கைக்கு எட்ட வேண்டும். நீங்கள் மயங்கிய அந்த மூக்குகூட அழகுக்காக மட்டும் வந்ததில்லை. 1934இல் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 13 மணி 5 நிமிடத்தில் ஓடி அமெரிக்காவையே வாய்பிளக்க வைத்த ஸெஃபர் ரயிலில் டிரைவர் முன்கண்ணாடியை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். லெவல் கிராசிங்கில் ஒரு லாரி குறுக்கே வந்தால் முதல் அடி அவருக்குத்தான். எலக்ட்ரோ மோட்டிவ் கம்பெனி 1937இல் தன் 'ஈ' வரிசை இன்ஜின்களைக் கொண்டுவந்தபோது அவரை மேலே ஏற்றிப் பின்னால் தள்ளி, முன்னால் இந்த மூக்கை வைத்தது. அது அவருக்கு ஒரு கவசம். அழகாகவும் அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு மட்டும் என்றால் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். உங்கள் கடிதத்தின் கடைசி நாலு வரிக்காகத்தான் எழுதுகிறேன். அவை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

நாற்பது படம் எடுத்தீர்கள். அனுப்பிய இரண்டும் மூக்கு. மீதி முப்பத்தெட்டும் மூக்காகத்தான் இருக்கும். அப்பா குனிந்து எதைப் பார்த்தார் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. "பிடிக்கவில்லை போல" என்று நீங்களே முடிவுகட்டிக் காருக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள். எனக்குக் கோபமாக வருகிறது தம்பி.

அவர் என்ன பார்த்தார் என்று நான் சொல்கிறேன். அந்த எவர்சில்வர் இன்ஜின் ஈ5 வகை. பர்லிங்டன் ரயில்வேக்காக மட்டும் 16 செய்தார்கள். அடியில் இரண்டு போகிகள், அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்; ஒவ்வொன்றிலும் மூன்று அச்சு. பொன்மலையில் உங்கள் அப்பா கைவைத்த, ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி வடிவமைத்த மீட்டர்கேஜ் இன்ஜினிலும் போகிக்கு மூன்று அச்சுதான், ஆனால் மூன்றிலும் சக்கரத்தைச் சுற்றும் மின்மோட்டார் உண்டு. இதில் நடு அச்சில் மோட்டார் கிடையாது. முன்னதும் பின்னதும் இழுக்கும், நடுவில் இருப்பது இழுக்காது. அத்தனை வருஷம் மோட்டாரைக் கழற்றி மாட்டிய மனிதர் குனிந்து பார்க்காமல் என்ன செய்வார்?

ஏன் அப்படி? 1930களில் ஒரே டீசல் எந்திரத்தில் 2000 குதிரைத்திறன் எடுத்து, அதை ரயிலில் ஏற்றுகிற எடைக்குள் அடக்குவது லேசில்லை. அதனால் ஒரே உடம்புக்குள் 1000 குதிரைத்திறனில் இரண்டு எந்திரங்களை வைத்தார்கள். பன்னிரண்டு பன்னிரண்டு சிலிண்டர். எந்திரத்தின் பெயர் 567. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு அத்தனை கன அங்குலம், அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அப்புறம் மோட்டார்களுக்கு மின்சாரம் தர இரண்டு ஜெனரேட்டர், பெட்டிகளைச் சூடாக்க ஒரு பாய்லர், அதற்குத் தண்ணீர். இவ்வளவு பாரத்தையும் நாலு அச்சில் இறக்கினால் தண்டவாளம் தாங்காது. இழுக்க நாலு போதும், சுமக்க ஆறு வேண்டும். நடு அச்சு சும்மா இல்லை, கார்த்திக். இழுக்காமல் சுமக்கிறது. வேகத்தில் வண்டி ஆடாமல் ஓடுவதிலும் அந்த நீண்ட போகிக்குப் பங்கு உண்டு. அதை வடிவமைத்தவர் மார்ட்டின் புளோம்பர்க்.

இரண்டு எந்திரத்தில் இன்னொரு லாபம். ஒன்று படுத்தாலும் மற்றது ரயிலை எப்படியாவது ஊர் கொண்டு சேர்க்கும். ஓடுகிற ஓட்டத்திலேயே உள்ளே நடந்து போய்ப் படுத்ததைத் தட்டி எழுப்பப் பார்க்கலாம்.

இதற்குப் போட்டியாக 1946இல் ஆல்கோ கம்பெனி பிஏ என்ற இன்ஜினைக் கொண்டுவந்தது. அழகு என்றால் அதுதான். நீண்ட மூக்கு, ஜெனரல் எலக்ட்ரிக்கின் ரே பேட்டன் வரைந்தது. நியூயார்க்கில் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலுக்கு அடியில் ஓடிய பாதையில் நிறுத்தி அறிமுகம் செய்தார்கள். 2000 குதிரைத்திறனும் ஒரே எந்திரத்தில், பெயர் 244. போர் முடிந்த அவசரத்தில் சரியாகச் சோதிக்காமல் இறக்கிவிட்டார்கள். கிராங்க் ஷாஃப்டும், எந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் மாறி மாறிக் காலை வாரின. கடைசியில் அந்த ஹோட்டலில் காட்சிக்கு நின்ற இன்ஜினுக்கே 1954இல் சான்டா ஃபே ரயில்வே எதிரியான எலக்ட்ரோ மோட்டிவின் 567ஐப் பொருத்திப் பார்த்தது!

அந்த அவமானத்திலிருந்து ஆல்கோ உருவாக்கிய எந்திரம்தான் 251. அதுதான் 1950களின் கடைசியில் இந்தியாவுக்கு வந்தது. ஆல்கோ 1969இல் கடையை மூடியது. வாரணாசி ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் 251 அதற்கப்புறமும் பல வருஷம் பிறந்துகொண்டிருந்தது. உங்கள் அப்பா சம்பளம் வாங்கியது அந்த எந்திரத்தைப் பார்த்துக்கொண்டுதான்.

என் பெரியப்பாவும் டீசல் ஷெட்டில் ஃபிட்டர். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத டீசல் வாடை. கல்லூரி நாட்களில் அவர் பக்கத்தில் பஸ்ஸில் உட்காரக் கூச்சப்படுவேன். ஒருநாள் வீட்டில் பம்ப் ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முதலில் மஞ்சளாகப் புகைந்து, அப்புறம் நீலமாகப் பிடித்தது. "பார்டா, ஆல்கோ நாட்ச் ஏத்தி வேகம் கூட்டுனா கரும்புகை கக்குதே, அதுவும் இப்படித்தான். தீனி முந்திக்குது, டர்போ சுத்திக் காத்து வர நேரமாகுது" என்றார். நான் "சரி சரி" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த நாவலைத் திறந்துகொண்டேன். அதன் பிறகு அவர் என்னிடம் இன்ஜினைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாமலே போன மார்கழியில் போய்விட்டார். மேலே நான் எழுதியிருப்பதெல்லாம் அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தது. யாரிடம் சொல்ல?

என்ன கேட்டிருந்தீர்கள்? தகரப் பெட்டி. அதற்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மியூசியத்துக்கு மறுபடியும் போங்கள். அப்பாவுக்கு நல்ல குல்லாவும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். கேமராவைக் காரிலேயே வைத்துவிடுங்கள். "நடு அச்சுல ஏம்ப்பா மோட்டார் இல்ல?" என்று கேளுங்கள். நான் எழுதியதைப் படித்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம். அவர் சொல்வது நான் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தால் அதை எனக்கு எழுதுங்கள்.