கெண்டைக்கால் வலியும் இரண்டு கட்டு பீடியும்

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. கட்டட வேலைக்குப் போகிறவர். ஆறு மாதமாக, பஸ் நிறுத்தம் வரை நடந்தாலே இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. நரம்புக் கோளாறு என்று எண்ணெய் போட்டு நீவினோம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். இப்போது பெருவிரல் ஓரத்தில் நகம் வெட்டும்போது பட்ட சிறு புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. விரல் நுனி கறுத்து வருகிறது. இரவில் தூங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தினமும் இரண்டு கட்டு பீடி குடிப்பார். "பீடி வெறும் இலைதானே, சிகரெட்தான் கெடுதல்" என்பார். நான் சத்தம் போட்டால், ஐந்தாகக் குறைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் ஃபில்டர் சிகரெட்டுக்கு மாறிவிடுகிறேன் என்கிறார். நான் பீடி சுற்றுகிறவள். எந்த வாயால் அவரைக் குடிக்காதே என்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடையம் அருகே

பதில்: சகோதரி, மற்றதெல்லாம் பிறகு. இதைப் படித்த மறுநாளே அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரத்தக் குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பொது அறுவை சிகிச்சைப் பிரிவு. "நடந்தால் வலி, நின்றால் சரி, விரல் கறுக்கிறது, பீடி குடிக்கிறார்" என்று இந்த நான்கையும் முதலிலேயே சொல்லுங்கள். ஒத்தடத்தை இன்றோடு நிறுத்துங்கள். இரத்தம் குறைந்த காலில் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் தெரியும். புண்ணில் மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்.

காலைத் தொட்டுப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது சரியில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது நரம்பு வலியின் லட்சணம் இல்லை. நடக்கும்போது கெண்டைச் சதைக்கு இரத்தம் பல மடங்கு கூடுதலாக வேண்டும். குழாய் சுருங்கியிருந்தால் அவ்வளவு வராது, சதை வலிக்கிறது. நின்றதும் தேவை குறைகிறது, வலி அடங்குகிறது. இரவில் அவர் காலைத் தொங்கப்போடுவதும் அதனால்தான். படுத்தால் விரல் நுனி வரை இரத்தம் எட்டுவதில்லை, தொங்கவிட்டால் கொஞ்சமாவது கீழே இறங்குகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே வலி அவருக்கு அந்த வைத்தியத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

40 வயதைத் தொடாத, சர்க்கரை இல்லாத, புகைக்கிற ஆண் இப்படி வந்து நின்றால் எந்த மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பர்கர் நோய். நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற மருத்துவர், வெட்டி எடுக்கப்பட்ட கைகால்களைச் சோதித்து 1908இல் இதை விரிவாக எழுதினார். கைகால்களின் சிறிய, நடுத்தரக் குழாய்களில் அழற்சி உண்டாகி உள்ளே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். புகையிலை இல்லாமல் இந்த நோய் வருவது மிக அரிது. நம் நாட்டில் பீடி குடிப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். புகை என்றதும் எல்லோருக்கும் நுரையீரல் புற்றுநோயும் மாரடைப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. கால் வலிக்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, விரல் கறுத்த பிறகு வருகிறவர்களே அதிகம்.

"வெறும் இலை" என்ற பேச்சுக்கு வருகிறேன். பீடிக்குள் இருக்கும் தூள் ஒரு சிகரெட்டில் இருப்பதில் ஏறக்குறைய கால் பங்குதான் இருக்கும். அதை அளந்து வைக்கிற உங்களுக்கே தெரியும். ஆனால் பீடி இலை காற்றை உள்ளே விடாது. இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. தூள் குறைவாக இருந்தும், உள்ளே போகிற நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவதில்லை, கூடவும் செய்யும். நிகோடின் குழாயைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே பட்டினி கிடக்கிற விரலுக்கு இரண்டு பக்கமும் அடி. ஃபில்டர் இந்த இரண்டையும் தடுக்காது. ஆகவே சிகரெட்டுக்கு மாறுவதில் காசுதான் கூடுதலாகப் போகும்.

இன்னொன்றும் கேளுங்கள். சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம் என்றது அது. அவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

ஐந்தாகக் குறைப்பது? வேறு சிலருக்கு அதை ஒரு படியாக ஏற்றுக்கொள்வேன். இவருக்கு மாட்டேன். பர்கர் நோயில் ஒன்றிரண்டு புகைத்தாலும் அடைப்பு வளர்ந்துகொண்டே போகும். முழுமையாக விட்டவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்குத்தான் விரலோ காலோ எடுக்க நேர்ந்தது; விடாதவர்களில் 10க்கு நான்கு பேருக்கு எடுக்க வேண்டியிருந்தது என்று அமெரிக்காவில் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மாத்திரையும் அறுவை சிகிச்சையும் உண்டு. அவையெல்லாம் பீடியை நிறுத்தியவருக்குத்தான் கைகொடுக்கும். பீடியை விட்டுவிட்டுப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்கிறவர்களும் உண்டு, அதுவும் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் நிகோடின் மெல்லும் பசை பலருக்கு நல்ல துணை. ஆனால் பர்கர் நோயில் அந்த நிகோடினே தொந்தரவாகலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் இவருக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். நிகோடின் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன.

விட்ட முதல் மூன்று நாட்கள் கடுமையாக இருக்கும். எரிந்து விழுவார், தூக்கம் வராது, சோற்றில் குறை சொல்வார். சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு, மூன்று வாரத்தில் வேகம் தணியும். 1800 11 2356 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லை. புகையிலையை விடுகிறவர்களுக்கென்றே அரசு நடத்தும் தொலைபேசி ஆலோசனை அது. நீங்கள் பேசுவதைவிட அவரே பேசுவது நல்லது.

எந்த வாயால் என்று கேட்டீர்கள். பசிக்கு உண்ட வாயால்தான். மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாள் முழுக்க முதுகு ஒடியச் சுற்றுகிற பெண், அந்தத் தூளின் குணத்தை மற்ற எவரையும்விட அறிந்தவள். அது உங்கள் விரல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உங்கள் உடம்புக்குள்ளும் போகிறது. சுற்றி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளைக்குச் சோறு ஊட்டாதீர்கள். வேலையை விடுங்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. வேறு பிழைப்பைக் காட்டாமல் அப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. சரியில்லை என்று கழித்துவிட்ட பீடிகள் வீட்டில் கிடக்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். பெரும்பாலும் அவர் கை முதலில் போவது அங்கேதான்.

உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கும். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மருத்துவமனை இருக்கிறது. தொடர் சிகிச்சைக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். முதலில் போக வேண்டியது மருத்துவக் கல்லூரிக்கு. போய் வந்ததும், என்ன சொன்னார்கள், விரலின் கறுப்பு எதுவரை வந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.