ஸ்ட்ரைடு பியானோ சோறு போடுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

"இன்ஜினியரிங் படித்துவிட்டு சனி, ஞாயிறில் வாசிக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியூ ஜெர்சி எடிசனில் வீடு, பதினொன்றாம் வகுப்பில் மகன், ஆறு வயதிலிருந்து கிளாசிக்கல் பியானோ, போன வருடத்திலிருந்து ஸ்ட்ரைடு என்ற நூறாண்டுப் பழைய ஜாஸ் பியானோ பாணி மேல் தீராத ஆசை, இப்போது அதையே படித்துத் தொழிலாக்க வேண்டும் என்கிறான். எல்லாவற்றையும் படித்தேன். "அவன் அப்பா அவனிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்" என்ற வரியைத் தாண்ட மட்டும் நேரமானது. வருமானக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். பிள்ளை எதைக் கேட்கிறான் என்பது முதலில் உங்கள் இருவருக்கும் தெரியட்டும்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்வதாக நினைத்துப் பாருங்கள். ஸ்ட்ரைடு அப்படிப்பட்டது. நான்கு எண்ணிக்கையில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடது கை பியானோவின் அடிப்பகுதியில் கனமான சுரத்தைத் தொடும். இரண்டுக்கும் நான்குக்கும் நடுப்பகுதிக்குத் தாவி கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சில சுரங்களை, வாசிக்கும். ஸ்ட்ரைடு என்றால் எட்டி வைக்கும் நடை; அந்தத் தாவல்தான் அதற்குப் பெயர் கொடுத்தது. வலது கை அந்தத் தாளத்தோடு மோதியும் விலகியும் மனோதர்மமாகப் பாடும். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. இடது கை தடுமாறினால் மறைத்துக்கொள்ள மேடையில் வேறு யாரும் இல்லை.

இது நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கலை. 1920களில் அங்கே கறுப்பின மக்களிடம் கொள்ளை வாடகை வாங்கினார்கள். மாதக் கடைசியில் வீட்டுக்காரருக்குப் பணம் கட்ட, வீட்டிலேயே விருந்து வைத்து, வருபவர்களிடம் சில்லறை வசூலித்து, ஒரு பியானோக்காரரை விடிய விடிய வாசிக்க வைப்பார்கள். ஒருவரை ஒருவர் வாசித்தே வீழ்த்தும் போட்டிகளும் அங்கே நடந்தன. அந்த மரபின் தந்தை என்று போற்றப்படும் ஜேம்ஸ் பி. ஜான்சன் 1894இல் பிறந்த ஊர் எது தெரியுமா? நியூ பிரன்ஸ்விக். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊர். உங்கள் மகனுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்கும். அப்பாவிடம் அவனே சொல்லட்டும்.

இப்போது கசப்பான பகுதி. ஜான்சன் 1955இல் இறந்தார். உலகமே ஆடிய 'சார்ல்ஸ்டன்' பாட்டுக்கு இசையமைத்தவருடைய கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்கப்பட்டது 2009இல்தான். அவருடைய சீடர் ஃபேட்ஸ் வாலர் 1929இல் பல பாட்டுகளின் உரிமையை வெறும் 500 டாலருக்கு விற்றார். பயணமும் இரவு வாழ்க்கையுமாக ஓடி 39 வயதில் ரயிலிலேயே உயிர் பிரிந்தது. வாலரின் அப்பா தேவாலயத்தில் போதித்தவர், மகனும் இறைப்பணிக்கு வர வேண்டும் என்று விரும்பியவர். அந்த வீட்டிலும் உங்கள் வீட்டு மௌனம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆக, சோறு போடுமா? ஸ்ட்ரைடு மட்டும் வாசித்து மாதச் சம்பளம் வாங்கும் வேலை என்று ஒன்று இல்லை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை இசைக்கலைஞர்களுக்கு மணி நேர ஊதியத்தை மட்டுமே வெளியிடுகிறது. வேலை சீராக வராததால் ஆண்டு வருமானம் என்று எதையும் போடுவதில்லை. இதில் இருப்பவர்கள் பல வாய்க்கால்களிலிருந்து நீர் பாய்ச்சுகிறவர்கள்: ஞாயிறு தேவாலயத்தில் வாசிப்பு, வார நாளில் மாணவர்கள், ஹோட்டல், திருமணம், சொகுசுக் கப்பல், ஸ்விங் நடன இரவுகள், மௌனப் படங்களுக்கு நேரடி இசை, மிசௌரியின் செடாலியா போன்ற ஊர்களில், ஸ்ட்ரைடுக்கு முன்னோடியான ராக்டைம் இசைக்கு நடக்கும் விழாக்கள். ஸ்ட்ரைடு வாசிப்பவர்களில் ஜூடி கார்மைக்கேல் டிஸ்னிலாண்டில் பியானோ வாசித்துத்தான் தொடங்கினார். டிக் ஹைமன் ஸ்டுடியோ வேலையிலும் திரைப்பட இசையிலும் நின்றார். ஏரன் டீல், ஜேசன் மொரான் போன்ற இன்றைய கலைஞர்கள் ஸ்ட்ரைடை வேராக வைத்துக்கொண்டு மற்ற பாணிகளையும் வாசிக்கிறார்கள். அந்த வேர் உள்ள கைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் இரண்டு மணி நேரம் தனியாக ஒரு கூடத்தையே கட்டி வைக்க அந்தக் கையால் முடியும்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான ஜாஸ் பட்டப்படிப்புகளில் பாடத்தின் மையம் 1940களில் எழுந்த பிபாப் என்ற ஜாஸ் பாணியும் அதற்குப் பிந்தையதும்தான். ஸ்ட்ரைடைப் பழைய ஒலிப்பதிவுகளிடமும் தனி ஆசிரியரிடமும்தான் கற்க வேண்டியிருக்கும். எனவே பெரிய பெயருக்காகக் கல்லூரியைத் தேடாதீர்கள். அங்கே பியானோ சொல்லித்தரும் ஆசிரியர் பழைய பாணியை வாசிப்பவரா என்று மகனே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கட்டும். உங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் உங்களுக்கு உள்மாநிலக் கட்டணம். நியூ பிரன்ஸ்விக் வளாகத்தில் ஜாஸ் படிப்பு இருக்கிறது, நூவர்க் வளாகத்தில் உலகப் புகழ் பெற்ற ஜாஸ் ஆய்வு நிறுவனமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. இசையோடு இன்னொரு பாடத்தையும் முதன்மையாக எடுக்க முடிகிற இடமே என் முதல் தேர்வு. ஸ்ட்ரைடு கலைஞர்களிலேயே டிக் வெல்ஸ்டுட் சட்டப் பட்டம் பெற்றவர். ஸ்டெஃபனி டிரிக் சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். இரண்டாவது பட்டத்தைத் தோல்விக்கான பாயாக விரிக்காதீர்கள். கணக்குப்பதிவோ ஒலிப்பதிவுத் தொழில்நுட்பமோ அவனுக்குத் தினமும் உதவும். பாட்டுகளின் உரிமையை மலிவாக விற்று வாலர் எவ்வளவு இழந்தார் என்று மேலே பார்த்தீர்கள்.

இன்னொரு நிம்மதி: உங்கள் மருத்துவக் காப்பீட்டில் 26 வயது வரை அவன் இருக்கலாம். பட்டம் முடித்த பின் ஏறக்குறைய நான்கு வருடம் முயன்று பார்க்க அது இடம் தருகிறது.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடது கையில் பத்து வெள்ளைக் கட்டை அகலத்துக்கு விரல் விரியவில்லை என்று அவன் கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். வலிந்து விரிக்க வேண்டாம். எட்டாதவர்கள் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி வாசிப்பார்கள், அதுவும் மரபுதான். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். வேகம் முதலில் தேவையில்லை. பின்னாளில் பெரும் ஜாஸ் மேதையான ட்யூக் எலிங்டன் இளைஞராக இருந்தபோது ஜான்சனின் 'கரோலைனா ஷவுட்' வந்த பியானோ ரோலை (தானியங்கிப் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருள்) மெதுவாக ஓடவிட்டு, தானே அமுங்கும் கட்டைகளின் மேல் விரல் வைத்துக் கற்றார்.

அவன் அப்பாவிடம் இப்போது "சம்மதம்" கேட்க வேண்டாம், ஒரு கோடைக்காலம் மட்டும் கேளுங்கள். பக்கத்திலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில் வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், அவன் தனியாக வாசிக்கட்டும். நேரத்துக்குப் போவது, பாட்டு வரிசை போடுவது, சுருதி சரியில்லாத பியானோவோடு ஒத்துப்போவது, யாரும் கைதட்டாத மதியத்திலும் தாளத்தை விடாமல் இருப்பது எல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஒரு நாளாவது உங்கள் கணவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். ஆகஸ்ட் கடைசியில் எனக்கு எழுதுங்கள்: எட்டாவது வாரமும் அவன் தானாகக் கிளம்பினானா, கை வலித்ததா, திரும்பி வரும்போது காரில் அப்பாவும் பிள்ளையும் என்ன பேசினார்கள்?