துப்பாக்கிக் குழலை (பேரல்) எதுவும் தொடக்கூடாது: ஏர் ரைபிள் கேள்வி-பதில்

வெளிநாட்டு வீடியோக்களில் ரைபிளின் முன்பகுதி உறைக்குள்ளேயே சைலன்சரைச் செருகிப் பொருத்துகிறார்கள். என்னிடம் இருப்பது 4.5 மி.மீ. ஏர் ரைபிள். வீட்டுக்குப் பின்னால் பயிற்சி செய்தால் பக்கத்து வீட்டில் சத்தம் போடுகிறார்கள். நானும் அப்படிப் பொருத்தலாமா? (மார்த்தாண்டம்)

கூடாது. ஆயுதச் சட்டம் 1959-இன் 2-ஆம் பிரிவு, சுடும் சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியையும் துப்பாக்கி என்றே கணக்கில் எடுக்கிறது. வெடிமருந்தால் மட்டுமல்ல, வேறு வகை ஆற்றலால் சுடுவதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம் என்ற சலுகையைக் காட்டி சைலன்சர் வாங்க முடியாது. போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் இன்னொரு தடையும் உண்டு. பேரலுக்குள்ளும் அதன் நீட்சிக் குழாய்க்குள்ளும், குண்டைச் சுழற்றும் வரிகளும் குண்டு அமரும் அறையும் தவிர, வேறு எந்த அமைப்பும் இருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. போட்டி ரைபிள்களின் முனையில் தெரியும் தடித்த குழாய் சைலன்சர் அல்ல. முன் குறியைத் தாங்கும் நீட்சி, அவ்வளவுதான்.

உங்கள் பிரச்சினை சத்தம் என்றால், அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஸ்பிரிங் ரைபிளில் பெரும்பகுதி உள்ளே பிஸ்டன் போய் மோதுகிற சத்தம். முனையில் எதை மாட்டினாலும் அது குறையாது. சிலிண்டரில் காற்று நிரப்பும் ரைபிளில் முனைச் சத்தத்தோடு, பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) தகரத்தில் போய் அடிக்கும் 'டங்'கும் அக்கம்பக்கத்தை எரிச்சல்படுத்தும். ஓர் அடி சதுர மரப்பெட்டி செய்து, பின்பலகைக்கு 3 மி.மீ. இரும்புத் தகடு வைத்து, அதன் முன்னால் 5 செ.மீ. கனத்துக்குக் காயாத எண்ணெய்க் களிமண்ணை அழுத்தி அப்புங்கள். குளத்து மண் வேண்டாம். அது காய்ந்து வெடித்துவிடும், பிறகு பெல்லட் திரும்பித் தெறிக்கும். பெட்டிக்குப் பின்னால் இரண்டு மடிப்புச் சாக்கு தொங்கவிட்டால் சுவரில் எதிரொலிப்பதும் அடங்கும். களிமண்ணில் சேரும் ஈயத்தைக் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்தபின் சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக்கூடாது.

பெட்டி மட்டும் போதாது. குறி தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் பறக்கும். நம் ஊர்ப் பக்கம் வீட்டோடு வீடு ஒட்டி இருப்பதால், பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் திடமான சுவர் இல்லாத இடத்தில் சுடவே வேண்டாம்.

பத்து மீட்டரில் முதல் சில குண்டுகள் ஒரே இடத்தில் விழுகின்றன. பிறகு மெல்ல விலகுகின்றன. பேரல் தேய்ந்துவிட்டதா? (நாகர்கோவில்)

பேரலைக் குற்றம் சொல்வதற்கு முன் அதைச் சுற்றி இருப்பவற்றைப் பாருங்கள். ஏர் ரைபிள் பேரல் அவ்வளவு சீக்கிரம் தேயாது.

எந்தப் பக்கம் விலகுகிறது என்பதே பாதி விடை. நேர் கீழே இறங்கிக்கொண்டே போனால் காற்று குறைந்து வேகம் விழுகிறது. ரெகுலேட்டர் (ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்று விடும் பாகம்) உள்ள ரைபிளிலும் சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டரின் அளவுக்குக் கீழே போனதும் இதுதான் நடக்கும். அழுத்தமானியைப் பார்த்து, இறக்கம் தொடங்குகிற எண்ணைக் குறித்து வையுங்கள். அதற்கு முன்பே நிரப்பிவிட வேண்டும்.

பக்கவாட்டில் விலகினால் ஏதோ ஒன்று பேரலைத் தொடுகிறது. ரைபிளில் பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நோட்டுப் புத்தகத் தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழியுங்கள். அதைப் பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே நுழைத்து, இரு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். எங்கே தாள் சிக்குகிறதோ அங்கே தொடுகிறது. அதே தாளைப் பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலும் ஓட்டிப் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 200 பார் அழுத்தத்தில் சிலிண்டர் மயிரிழை அளவு நீளும், அழுத்தம் இறங்க இறங்கச் சுருங்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வளையம் இறுக்கமாக இருந்தால், சுருங்குகிற சிலிண்டர் பேரலையும் கூடவே இழுக்கும். 'மெல்ல' விலகுவதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

ஸ்டாக் (ரைபிளைத் தாங்கும் பிடிகட்டை) மரத்தால் ஆனது என்றால் மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதும். வைகாசியில் தாராளமாக ஓடிய தாள் ஐப்பசியில் சிக்கும். சிக்கும் இடத்தில் உருளைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி மரத்தை மட்டும் தேய்த்து, ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். தேய்த்த இடத்துக்கு வார்னிஷ் பூசாமல் விட்டால் அடுத்த மழையில் மறுபடி ஊதும். ஸ்டாக் திருகுகளை ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு இறுக்க வேண்டும். ஆலன் சாவியின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்துத் திருகினால் அளவுக்கு மீறிப் போகாது.

இரண்டும் சரியாக இருந்தும் குண்டுகள் சிதறினால் முனையைப் பாருங்கள். நீட்சிக் குழாய் கோணலாக ஏறியிருந்தால் பெல்லட் அதன் விளிம்பை உரசிக்கொண்டு போகும். முனை ஓட்டையின் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் ஈயப் பூச்சு ஒட்டியிருக்கும். கழற்றி, மரையைத் துடைத்து, கையாலேயே கடைசிவரை ஏற்றுங்கள். பிளையர் போடாதீர்கள்.

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உறையில் பத்திரமாக வைத்தும் துரு ஏறுகிறது. தேங்காய் எண்ணெய் போதாதா? (குளச்சல்)

உறைதான் காரணம். ஸ்பாஞ்ச் வைத்த உறைப்பெட்டி உப்பையும் ஈரத்தையும் குடித்து ரைபிளோடு ஒட்டவைக்கிறது. அந்தப் பெட்டி பயணத்துக்கு மட்டும். வீட்டில் பூட்டிய இரும்பு அலமாரியில் நிறுத்தி வைத்து, கால் கிலோ ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். பச்சை ஆனதும் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் மின் ஓவனில் காயவைத்தால் மறுபடி பயன்படும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. நிறம் மாறுவதை வாரம் ஒருமுறை பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், குளிரில் உறையும். துப்பாக்கி எண்ணெய் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு வெளிப்புற இரும்பை மட்டும் துடையுங்கள். சுட்ட அன்றே துடைக்க வேண்டும். விரல் வியர்வையும் உப்புதான். பிடித்துவிட்ட பழுப்புத் துருவுக்கு மிக மெல்லிய நான்கு பூஜ்ய (0000) இரும்புக் கம்பளியை எண்ணெயில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போட்டால் கறுப்புப் பூச்சும் சேர்ந்து போய்விடும்.

ஸ்பிரிங் ரைபிளின் காற்றறைக்குள் எந்த எண்ணெயும் இறங்கக்கூடாது. அழுத்தச் சூட்டில் அது தீப்பிடித்து, ஸ்பிரிங்கையும் காற்று கசியாமல் அடைக்கும் 'சீல்' பாகத்தையும் சிதைக்கும்.

பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்று நிரப்பலாமா? வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கிறது. (தக்கலை)

பஞ்சர் கடை கம்ப்ரசர் பத்துப் பார் அளவுக்குத்தான் தரும். உங்களுக்கு வேண்டியது 200. ஆக்சிஜனை நினைக்கவே நினைக்காதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் துளி எண்ணெயோ கிரீஸோ பட்டால் வெடிக்கும். ரைபிள் இருப்பது உங்கள் முகத்துக்குப் பக்கத்தில். முக்குளிப்போர் பயன்படுத்தும் காற்றுச் சிலிண்டர், அல்லது மூன்று நிலைக் கைப்பம்ப், இவைதான் வழக்கமான வழிகள். கைப்பம்பில் ஐம்பது முறை அடித்ததும் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி ஆறவிட்டு, அடியில் சேர்ந்த தண்ணீரை வெளியேற்றுங்கள். நம் ஊர்க் காற்றில் அது நிறையவே வரும். சிலிண்டரிலிருந்து நிரப்பும்போது வால்வை மெதுவாகத் திறங்கள். வேகமாக நிரப்பி 45 டிகிரி சூட்டில் 200 காட்டினால், 30 டிகிரிக்கு ஆறியதும் 190தான் இருக்கும். கசிவு என்று பயந்து 'சீல்' பாகத்தைப் பிரிக்க வேண்டாம். ஓ-ரிங்குக்கு (ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

வயலில் மயில் தொல்லை. ஏர் ரைபிளால் விரட்டலாமா? (பூதப்பாண்டி)

முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. காயப்படுத்தினாலும் குற்றம்தான். வனத்துறையிடம் பயிர்ச் சேதத்தை எழுத்தில் கொடுங்கள்.

பழைய போட்டி ரைபிள் விலைக்கு வருகிறது. சிலிண்டரில் 2013 என்று பொறித்திருக்கிறது. (கருங்கல்)

போட்டி ரைபிள் தயாரிப்பாளர்கள் அலுமினிய சிலிண்டருக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் பத்து ஆண்டு. வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதில் காற்று ஏற்றாதீர்கள். சிலிண்டர் செல்லுபடியாகும் காலத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது போட்டியிலும் சுடுபவர் பொறுப்பே. புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பழையதை மிச்சக் காற்றை முழுவதும் வெளியேற்றி, மரையை அறுத்தபின் பழைய இரும்புக்குப் போடுங்கள். அப்படியே போட்டால் வேறு யாராவது எடுத்து நிரப்பிவிடக்கூடும்.