மிதி இறங்கும் ஜீப்பை வாங்கலாமா?

தம்பி, ஊர்காவற்துறையில் பார்த்த பழைய ஜீப்பில் பிறேக் மிதி மெதுவாகக் கீழே போகிறது, விற்பவரோ பிறேக் ஒயில் மாற்றினால் சரிவரும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, மிதியை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். தொடர்ந்து அமிழ்ந்துகொண்டே போனால் எங்கோ ஒயில் கசிகிறது, இல்லையென்றால் மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்துவிட்டது. ஒயில் மாற்றுவதால் இது தீராது. பஞ்சு போல இருந்து, நாலு தரம் மிதித்ததும் இறுகினால் அது வேறு கதை, பெரும்பாலும் குழாய்க்குள் காற்று.

எனக்குப் பெரிய பயம் பிறேக் ஒயில் போகும் இரும்புக் குழாய்கள்தான். தீவுப்பகுதி வண்டி, யாழ்ப்பாணத்தைத் தீவுகளோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தால் போய்வந்து உப்புக்காற்று குடித்தது. கராஜில் உயர்த்தி, பின்சில்லுக்குப் போகும் குழாயை டோர்ச் அடித்துப் பாருங்கள். துரு செதில் செதிலாகக் கிளம்பினால் மாற்றியே ஆகவேண்டும். திடீரென்று வெடித்தால் உயிருக்கே ஆபத்து, தம்பி.

அப்புறம், வண்டியில் ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகிப் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால், அதன் எச்சரிக்கை விளக்கு. சாவியைத் திருப்பும்போது எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பதை இப்போது விடுங்கள். மிதியை விற்பவர் தன் செலவில் திருத்தட்டும். பிறகு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கோடு போய், வெறும் வீதியில் ஓட்டி, பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள்.