இரண்டு பெயர், ஒரே நம்பர்

வணக்கம் அண்ணா. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஃபேஸ்புக்கில் புனைபெயரில் கவிதையும் கொஞ்சம் அரசியலும் எழுதுவேன். போன வாரம் முதலாளி சிரித்துக்கொண்டே, "நைட்டெல்லாம் கவிதை எழுதறீங்களாமா?" என்றார். நான் யாரிடமும் சொன்னதில்லை. எப்படித் தெரிந்திருக்கும்? எழுதுவதை நிறுத்திவிடட்டுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

நிறுத்தவெல்லாம் வேண்டாம். அந்தக் கணக்கை எந்த நம்பரில் தொடங்கினீர்கள்? வெளிநாட்டு பையர்களுக்காக ஆர்டர் கொடுக்கிற பையிங் ஆபீசுக்கும், துணிக்குச் சாயம் போடுகிற டையிங்காரருக்கும் கொடுத்திருக்கிற அதே நம்பர் என்றால், அது முதலாளியின் போனிலும் இருக்கும். தன் காண்டாக்டுகளைப் பார்க்க அவர் ஃபேஸ்புக்கை அனுமதித்திருந்தால், 'இவரைத் தெரிந்திருக்கலாம்' என்று அதுவே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். யாரும் கோள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொல்லியும் இருக்கலாம், அவிநாசியில் பெண் பார்த்தால் காங்கயத்துக்குச் சேதி போய்விடுகிற ஊர் நம்முடையது.

எழுத்துக்கென்று தனி நம்பர், தனி மெயில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஒரே வாட்ஸ்அப்புக்குள் இரண்டு நம்பர் வைக்கும் வசதி 2023இலேயே வந்துவிட்டது. ஃபேஸ்புக்கில் ஒரு பேஜ் தொடங்கி அதில் எழுதலாம். நடத்துகிறவர் பெயர் வெளியே தெரியாது. அப்புறம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ஷிப்மெண்ட் தாமதமான அன்று ராத்திரி பதினோரு மணிக்கு 'மழை பெய்கிறது, மனம் நனைகிறது' என்று வைத்தால், காலையில் பையிங் ஆபீஸ்காரர் கேட்கத்தான் கேட்பார். யார் யார் பார்க்கக்கூடாது என்று செட்டிங்சில் விலக்கிவிடலாம்.

இவ்வளவு செய்தாலும் இது கிளுவை வேலிதான். ஆடு மாடு நுழையாது. தாண்டியே தீருவேன் என்று வருகிற ஆளை நிறுத்தாது. அதனால், முதலாளி எதிரே உட்கார்ந்து 'நான் எழுதியதுதான்' என்று சொல்ல முடியாத எதையும் புனைபெயரை நம்பி எழுதாதீர்கள். அரசியலுக்கும் இதே கணக்குதான். கம்பெனி சாம்பிளின் போட்டோ, பீஸ் ரேட், பையர் பெயர் இவை எந்தப் பெயரிலும் வேண்டாம். அதில் வேலையே போகும், கவிதையில் போகாது.

முதலாளி சிரித்துக்கொண்டுதானே கேட்டார்? நீங்களும் சிரித்துக்கொண்டே "ஆமாங்க, எழுதறனுங்க" என்று சொல்லிவிடுங்கள். அவர் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னால், அது உங்கள் பாடு.