ஆர்வமுள்ள, ஆவலான, அக்கறையுள்ள, சுவாரசியமான: ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதலாமா?

பெரும்பாலும் கூடாது. முதலில் அந்தச் சொல் யாரைச் சேர்ந்தது என்று பாருங்கள். ஆர்வம் மனிதருக்கு வருவது. சுவாரசியம் கதையிலோ பேச்சிலோ இருப்பது. ‘ஆர்வமுள்ள மாணவி’, ‘சுவாரசியமான கதை’ இரண்டும் சரி. ‘ஆர்வமான தகவல்’ என்று இப்போது பலர் எழுதுகிறார்கள், அது பிழை. தகவல் எதன்மேலும் ஆர்வம் கொள்வதில்லை, படிப்பவருக்குத்தான் ஆர்வத்தை உண்டாக்குகிறது. அதனால் ‘ஆர்வமூட்டும் தகவல்’. மனிதரைச் ‘சுவாரசியமானவர்’ என்றால், அவரோடு பேசினால் நேரம் போவதே தெரியாது என்று பொருள். அவருக்கு எதில் ஆர்வம் என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை.

அதிகம் குழப்புவது ஆர்வமும் ஆவலும். ஆவல் ஒரு நிகழ்வை நோக்கியது, நிறைவேறியதும் அடங்கிவிடும். தேர்வு முடிவை அறிய ஆவல். முடிவு வந்தால் அது தீர்ந்தது. ‘ஆவல் தீரப் பார்த்தாள்’ என்கிறோம், ‘ஆர்வம் தீர’ என்பதில்லை. ஆர்வம் நீடிப்பது, குறையலாம், விட்டுப்போகலாம். சொற்றொடரிலும் இந்த வேறுபாடு தெரியும். ஆவலுக்கு முன்னால் பார்க்க, கேட்க, அறிய என ஒரு வினை வரும். ஆர்வம் ‘இசையில்’, ‘கணிதத்தில்’ எனத் துறையோடு இயல்பாகச் சேரும். ‘இசையில் ஆவல்’ காதில் ஒட்டாது.

ஆர்வத்தின் பழைய பொருள் அன்பு. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர்’ என்ற குறளில் ஆர்வலர் என்பது அன்புடையவர். இன்று ‘சமூக ஆர்வலர்’ என்கிறபோதும் அந்த ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அக்கறையில் பொறுப்பும் கவலையும் உண்டு. அரசியலில் ஆர்வமுள்ளவர் செய்தித்தாளை வரி விடாமல் படிப்பார். அக்கறையுள்ளவர், இந்தச் சட்டம் வந்தால் ஊருக்கு என்ன ஆகும் என்று கவலைப்படுவார். ஈடுபாடுள்ளவர் கூட்டத்துக்குப் போவார், வேலை செய்வார். செயலில் இறங்காதவரை ஈடுபாடுள்ளவர் என்பது பொருந்தாது. அக்கறைக்கு வல்லின ‘ற’ போடுங்கள். ‘அக்கரை’ என்றால் ஆற்றின் அந்தப் பக்கம்.

வேலை விண்ணப்பத்தில் ‘கற்பித்தலில் ஆர்வமும் மாணவர்மேல் அக்கறையும் உள்ளவன்’ என்று எழுதலாம். ‘உங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்’ என்பதைக் கடைசி வரியில் வையுங்கள், ஆவலுக்கு உரிய இடம் அதுதான்.